ஆம்ப் கடைசியில்: பேஸ் டோன் தேடுபவர்களுக்கு

பேஸ் கிட்டார் வாங்கக் கிளம்புபவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான். எங்கே வாசிக்கப் போகிறீர்கள், எந்தச் சத்தம் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. சென்னையில் பேஸுக்கு வேலை எங்கே? கல்யாண ரிசப்ஷன் மேடை, சர்ச் ஆராதனை, கல்லூரி விழா, கோடம்பாக்கம் வடபழனிப் பக்கத்து ஸ்டுடியோக்கள், சபாக்களில் நடக்கும் ஃப்யூஷன் கச்சேரிகள். இவற்றில் அநேகமாக எல்லா இடத்திலும் உங்கள் கேபிள் டிஐ பாக்ஸுக்குள் (பேஸின் சத்தத்தை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) போய், அங்கிருந்து மிக்ஸருக்குப் போய், மண்டபத்து ஸ்பீக்கர் வழியாகத்தான் ஜனங்களை அடைகிறது. நீங்கள் ஆட்டோவில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்த ஆம்ப்பைக் கேட்பவர்கள் நீங்களும் டிரம்மரும் மட்டும்.

ஆகவே செலவு செய்யும் வரிசையை விரலில் தொடங்க வேண்டும்: தந்தி, செட்டப் (வாத்தியத்தின் அளவுகளைச் சரிசெய்வது), பிக்கப் (தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), பிறகு டிஐ. ஆம்ப் கடைசி. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். துருப்பிடித்த தந்தியும், விரல்பலகையிலிருந்து தந்தி அதிகம் தள்ளி நிற்கும் உயரமான ஆக்‌ஷனுமாக ஒரு பேஸை வைத்துக்கொண்டு, டோன் சரியில்லை என்று பெரிய ஆம்ப்புக்குக் கடன் வாங்குகிறார்கள். கோளாறு இன்னும் சத்தமாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

முதலில் சத்தத்தை அடையாளம் காணுங்கள்

நான்கு தந்தி பேஸில் இ தந்தி திறந்த நிலையில் 41.2 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73.4, ஜி 98. ஆனால் 41 ஹெர்ட்ஸை உருப்படியாகத் தரும் மேடை ஸ்பீக்கர் குறைவு. போனில் அது சுத்தமாக வராது. 82, 123 என்று மேலே அடுக்கடுக்காக வரும் துணை அலைகளைக் கேட்டுத்தான் காது அடிச்சுரத்தை ஊகிக்கிறது. "பேஸ் கேட்கவே இல்லை" என்ற புகாருக்குக் கீழே ஏற்றிக்கொண்டே போவது பெரும்பாலும் தவறான மருந்து. 60 முதல் 100 வரை கனம். 200, 300 பக்கம் குழம்பும் சேறு. 400, 500 பக்கம் பெட்டிக்குள்ளிருந்து பேசும் சத்தம். இன்ன சுரம் வாசிக்கிறார் என்று காது பிடித்துக்கொள்வது 700 முதல் 1000 வரை. 2000, 3000 பக்கம் தந்தி ஃப்ரெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அடிக்கும் உலோகச் சத்தம். அதற்கு மேலே பெரும்பாலும் விரல் கீச்சலும் இரைச்சலும்.

காதில் இருக்கும் சத்தம் பொதுவாக நான்கு குடும்பங்களில் ஒன்றில் அடங்கும். எழுபது எண்பதுகளின் திரைப்பாடல்களில் கேட்டுப் பழகிய, உருண்டையான, சீக்கிரம் அடங்கிவிடும் "தும்" ஒன்று. மூக்கால் பேசுவதுபோல் உறுமும், ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் சத்தம் இன்னொன்று. கட்டைவிரலால் அடித்து, சுட்டுவிரலால் இழுத்து வாசிக்கும் ஸ்லாப்பின் கண்ணாடிச் சத்தம் மூன்றாவது. ஃப்ரெட் இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸில் வழுக்கிப் பாடும் சத்தம் நான்காவது. பிடித்த பதிவு ஒன்றை நல்ல ஹெட்போனில் போட்டு, அதில் வரும் பேஸ் எந்தக் குடும்பம், ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, விரலா பிக்கா (மீட்டும் வில்லை) என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும் முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

விரலுக்குக் காசு கிடையாது, ஆனால் எல்லாக் கருவியையும்விட அதிகம் மாற்றுவது அதுதான். நெக் (பேஸின் நீண்ட கழுத்து) முடியும் இடத்துக்கு மேலே மீட்டினால் சத்தம் பருத்து மழுங்கும். பிரிட்ஜுக்கு (உடலில் தந்தியைத் தாங்கும் பாலம்) பக்கத்தில் மீட்டினால் இறுகி, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெறிக்கும். கை 5 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும், ஈக்யூ (சத்தத்தின் கீழ், நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும்) குமிழைத் தொடத் தேவையிருக்காது. மோடவுன் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் சுட்டுவிரல் ஒன்றையே வைத்து வாசித்தவர். அவர் சத்தம் ஒரே சீராக விழுந்ததில் அந்த ஒற்றை விரலுக்குப் பங்குண்டு.

தந்தி

ஒரே பேஸில் ரவுண்ட்வூண்ட் மாட்டினால் ஒரு வாத்தியம், ஃபிளாட்வூண்ட் மாட்டினால் வேறொரு வாத்தியம். ரவுண்ட்வூண்டில் வெளியே சுற்றியிருப்பது உருண்டைக் கம்பி. மேல் அலைகள் நிறைய வரும், சுரம் நீண்டு நிற்கும், விரல் வழுக்கினால் கீச்சிடும். ஃபிளாட்வூண்டில் சுற்றுக் கம்பி தட்டை. தொட்டால் வழவழப்பு, சத்தம் இருட்டு, ஆரம்பத்தில் ஒரு "தும்" விழுந்து அடங்கிவிடும். ஜேமர்சன் வைத்திருந்தது லா பெல்லா கம்பெனியின் தடித்த ஃபிளாட், 52 முதல் 110 வரை (தந்தியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்). தந்திக்கு அடியில் ஸ்பாஞ்சும் இருந்தது. அந்தக் காலத்துத் "தும்" வேண்டுமென்றால் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் 1 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஸ்பாஞ்சை வெட்டிச் செருகிப் பாருங்கள். தந்தியை மேலே தள்ளாமல் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பெடல் வாங்கும் காசு மிச்சம்.

ரவுண்ட்வூண்டில் நிக்கல் பூச்சு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று இரண்டு. டி'அடாரியோ இஎக்ஸ்எல் 170 மாதிரி நிக்கல் செட் (45 முதல் 100) எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் நடுவழி. ரோட்டோசவுண்ட் ஸ்விங் பேஸ் 66 மாதிரி ஸ்டீல் செட் பளீரென்று கத்தும், ஃப்ரெட்டையும் சீக்கிரம் தேய்க்கும். சென்னைக் காற்றும் வியர்வையும் தந்திக்குப் பெரிய எதிரி. நிக்கல் செட்டின் பளபளப்பு சில வாரங்களிலேயே போய்விடும். உறுமலும் ஸ்லாப்பும் வேண்டுபவர்களுக்கு அது நஷ்டம். அவர்கள் எலிக்ஸிர் மாதிரி உறை பூசிய செட்டுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்தால், அது நீடிக்கும் நாளில் கணக்கு சரியாகிவிடும். "தும்" கட்சிக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, ஃபிளாட் பழையதாக ஆக அவர்களுக்குக் கொண்டாட்டம். எந்தச் செட்டானாலும் வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியின் மேலும் கீழும் துடையுங்கள். துருவைத் தொடங்கிவைப்பது அடிப்பக்கத்தில் தங்கும் ஈரம்.

மாட்டும்போது நடக்கும் தவறுகள் சில. 34 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து சாடில் வரை தந்தியின் நீளம்) பேஸுக்கு லாங் ஸ்கேல் செட், 30 அங்குலத்துக்கு ஷார்ட் ஸ்கேல் செட். மாற்றி வாங்கினால் தடித்த பகுதி டியூனர் முளையில் சுற்றி உடையும். முளையைத் தாண்டி 10 முதல் 12 சென்டிமீட்டர் விட்டு, வெட்ட வேண்டிய இடத்தில் முதலில் தந்தியைச் செங்கோணமாக மடக்கி, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் உள்ளே சுற்று நழுவி, புதுத் தந்தியே செத்த சத்தம் போடும். முளையில் இரண்டு மூன்று சுற்று, மேலிருந்து கீழாக. கடைசியில் சாடிலுக்கு (பிரிட்ஜில் தந்தி உட்காரும் துண்டு) முன்னாலும் நட்டுக்கு (நெக்கின் தலைப்பக்கத்தில் தந்தி உட்காரும் பட்டை) முன்னாலும் தந்தியைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி, வளைவு கூர்மையாக உட்காரச் செய்யுங்கள். புதுத் தந்தியில் சுருதி சேரவில்லை என்று புலம்புபவர்களில் பாதிப் பேர் இதைச் செய்யாதவர்கள்.

ஐந்து தந்தி யாருக்கு?

இங்கே, பாடகரின் ஆதார சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கு உதவும். சி என்றால் 1 கட்டை, சி ஷார்ப் ஒன்றரை, டி 2, டி ஷார்ப் இரண்டரை, இ 3 கட்டை. நான்கு தந்தி பேஸின் அடிமட்டம் 3 கட்டை. ஆண் பாடகர்கள் 1 முதல் இரண்டரைக் கட்டையில் நின்றால், ஆதார ஸட்ஜமத்தைக் கீழே பிடிக்க இடமில்லை. 1 கட்டைக்கு ஏ தந்தி மூன்றாம் ஃப்ரெட்டுக்கு, அதாவது 65.4 ஹெர்ட்ஸுக்கு ஏற வேண்டும். ஐந்தாவது பி தந்தி இருந்தால் முதல் ஃப்ரெட்டில் 32.7 கிடைக்கும். ஆனால் மண்டபத்து ஸ்பீக்கரில் பலவும் 32 ஹெர்ட்ஸை வெறும் காற்றசைவாகத்தான் தரும்.

பிறகு எதற்கு ஐந்து தந்தி? பாடகர் கடைசி நிமிடத்தில் "அரைக் கட்டை இறக்கிக்கோங்க" என்று சொல்லும்போது கையமைப்பு மாறாமல் அப்படியே ஒரு ஃப்ரெட் இறக்கிக்கொள்ளலாம். மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர்களுக்கு அந்த வசதி ஒன்றே போதும். ராக், ஃபங்க் மட்டும் வாசிப்பவர் நான்கிலேயே நிற்கலாம். மெலிந்த நெக், குறைந்த எடை, செட்டுக்குக் குறைந்த விலை. ஐந்து தந்தி வாங்கும்போது பி தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டையும் திறந்த இ தந்தியையும் மாற்றி மாற்றி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரம். பி தந்தியில் அது சேறாகக் கேட்டால், அந்த பேஸ் விலை என்னவானாலும் வேண்டாம்.

செட்டப் இல்லாமல் டோன் இல்லை

கடையிலிருந்து வரும் பேஸ் சரியாகச் செட் ஆகியிருக்கும் என்று நம்ப வேண்டாம். ஃபீலர் கேஜ் ஒன்று வாங்குங்கள். கிட்டார் கடையில் தேட வேண்டாம், புதுப்பேட்டை ஆட்டோ ஸ்பேர் கடைகளிலேயே கிடைக்கும், மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருக்கும் அதே கருவி. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃப்ரெட்டை விரலால் அழுத்தி, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். அதிகமென்றால் டிரஸ் ராடை (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) வலப்பக்கமாக இறுக்குங்கள், குறைவென்றால் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் கூடாது. பிறகு சுருதி சேர்த்து, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அளவெடுங்கள். அமெரிக்கத் தயாரிப்புக்குப் பெரும்பாலும் அங்குல ஆலன் சாவி, ஆசியத் தயாரிப்புக்கு மில்லிமீட்டர். ஏறக்குறைய நுழைகிறதே என்று தவறான சாவியை வைத்துத் திருகினால் டிரஸ் ராட் நட்டின் மூலைகள் மழுங்கும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் இரண்டு செட் தந்தி வாங்கலாம்.

அதன் பிறகு ஆக்‌ஷன். 17ஆம் ஃப்ரெட்டில், ஃப்ரெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிக்கும் நடுவே இ தந்தியில் 2.4, ஜி தந்தியில் 2 மில்லிமீட்டர். பலமாக அடித்து வாசிப்பவர் கொஞ்சம் ஏற்றலாம். எங்கே கரகரக்கிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். முதல் ஐந்து ஃப்ரெட்டில் மட்டும் கரகரத்தால் நெக்கில் வளைவு போதவில்லை. 12க்கு மேலே மட்டும் என்றால் சாடில் தாழ்வு, அல்லது நெக் உடலில் சேரும் இடத்தில் தூக்கியிருக்கிறது. எல்லா இடத்திலும் என்றால் ஆக்‌ஷனை ஏற்றுங்கள். ரவுண்டிலிருந்து ஃபிளாட்டுக்கு மாறினால் பெரும்பாலும் இழுவிசை கூடும், நெக் முன்னால் வளையும், எல்லா அளவையும் மறுபடி எடுக்க வேண்டும். கடைசியாக இன்டோனேஷன்: 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மானிக்கும் (ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரமும் டியூனரில் ஒன்றாக வர வேண்டும். அழுத்தியது தூக்கலாக வந்தால் சாடிலைப் பின்னுக்கு, அதாவது நெக்கிலிருந்து விலக்கி, நகர்த்துங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரம் ஈரம் குடித்து நெக் முன்னால் வளைந்து ஆக்‌ஷன் ஏறுவதும், நாள் முழுக்க ஏசி ஓடும் ஸ்டுடியோவில் வறண்டு கரகரப்பு வருவதும் வழக்கம். வருடத்துக்கு இரண்டு தடவையாவது அளவெடுங்கள். வெளியே வெக்கையிலிருந்து ஏசி ஹாலுக்குள் நுழைந்தால் தந்தி குளிர்ந்து சுருங்கி சுருதி ஏறும், மேடை விளக்கின் சூட்டில் இறங்கும். போனவுடன் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டு, வாசிக்கும் முன் கடைசியாகச் சுருதி சேர்ப்பதே சரி.

பிக்கப்: எங்கே இருக்கிறது என்பதே பாதி விடை

தந்தி பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கொஞ்சமாகவும் நடுவில் அகலமாகவும் ஆடுகிறது. நெக் பக்கம் இருக்கும் பிக்கப்புக்கு அடிச்சுரம் நிறையக் கிடைக்கும், பிரிட்ஜ் பக்கம் இருப்பதற்கு மேல் அலைகளே விகிதத்தில் அதிகம். ஃபெண்டர் பிரிசிஷன் 1951இல் வந்தது. இன்று நாம் பார்க்கும் இரண்டாகப் பிளந்த பிக்கப் அதில் 1957இல் ஏறியது. பிக்கப் நடுவாந்தரமான இடத்தில் இருக்கிறது, கீழ்நடுப் பகுதி திண்ணென்று வரும், இரண்டு பாதியும் சேர்ந்து மின்சார இரைச்சலையும் அடித்துவிடும். குமிழ் இரண்டே, குழம்ப வழியில்லை. "தும்" வேண்டுபவர்களும், கூட்டமான மெல்லிசைக் குழுவில் காணாமல் போகக்கூடாது என்பவர்களும் வேறு எங்கும் தேட வேண்டாம்.

1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப். இரண்டையும் முழுக்கத் திறந்தால் சில நடு அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஸ்லாப்புக்கு அழகு, தனியாகக் கேட்டால் இன்னும் அழகு. ஆனால் கீபோர்டும் ரிதம் பேடும் தவிலும் சேர்ந்தவுடன் பேஸ் எங்கே என்று தேட வேண்டும். நெக் குமிழை முழுக்க வைத்து பிரிட்ஜ் குமிழை முக்காலுக்கு இறக்குங்கள், நடுப்பகுதி திரும்பி வரும். உறுமல் வேண்டுமென்றால் எதிர்மாறு: பிரிட்ஜ் முழுக்க, நெக் கொஞ்சம், கை பிரிட்ஜ் பிக்கப்பின் மேல். இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டும் சரிசமமாக இருக்கும்போது மட்டுமே இரைச்சல் அடங்கும், ஒன்றை இறக்கினால் ஹம் (மின்சார முனகல்) தலைகாட்டும். சீரியல் விளக்கும் டிம்மரும் ஜெனரேட்டருமாக இருக்கும் ரிசப்ஷன் மேடையில் அது நன்றாகவே கேட்கும். உடம்பைக் கொஞ்சம் திருப்பி நின்றால் குறையும் கோணம் ஒன்று அகப்படும். நிரந்தரத் தீர்வு, அதே அளவில் வரும் ஹம் நீக்கும் பிக்கப். உட்குழிவில் செப்பு டேப் ஒட்டுவது ஒரு பங்கு இரைச்சலைத்தான் குறைக்கும். டேப் துண்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து கிரவுண்டில் சேர்ந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்க்காமல் மூடினால் அதுவும் வீண். இன்னொரு விஷயம், எழுபதுகளின் ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பிக்கப் அறுபதுகளுடையதைவிடப் பின்தள்ளி இருக்கும். ஸ்லாப்புக்காரர்கள் எழுபதுகளின் மாதிரியைத் தேடுவதற்கு அந்தச் சிறிய இடமாற்றமும் ஒரு காரணம்.

1976இன் மியூசிக் மேன் ஸ்டிங்ரேயில் பெரிய ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) ஒன்றும் ஆக்டிவ் ப்ரீஆம்ப்பும் (பேட்டரியில் ஓடும் முன்பெருக்கி). அடித்தால் முகத்தில் அறையும். அடக்கி வாசிக்க நினைப்பவருக்கு அது மல்லுக்கட்டு. பிஜே என்று பிரிசிஷன் பிக்கப், ஜாஸ் பிக்கப் இரண்டும் கலந்த வகை ஆரம்ப விலையில் நிறையக் கிடைக்கிறது, யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் 200 அப்படித்தான். முதல் பேஸாக நல்ல தேர்வு. இவற்றில் பொதுவாக நடு பிக்கப் சத்தமாகவும் பிரிட்ஜ் பிக்கப் நோஞ்சானாகவும் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் பிரிட்ஜ் பிக்கப்பை ஏற்றி நடு பிக்கப்பை இறக்கினால் சமமாகும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு அளந்தால் பிரிசிஷன் பிக்கப்புக்கு இ பக்கம் 2.8, ஜி பக்கம் 2 மில்லிமீட்டர் தொடக்க அளவு. மிக நெருக்கினால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்டில் சுரம் தள்ளாடும்.

பேட்டரி உள்ள ஆக்டிவா, இல்லாத பாஸிவா என்று ஜாதிச் சண்டை போடுகிறார்கள். ஆக்டிவில் பாஸ் (கீழ்ச்சத்தம்), ட்ரெபிள் (மேல்சத்தம்) ஏற்ற முடியும், நீள கேபிளில் மேல் அலை தேயாது. 9 வோல்ட் பேட்டரி செத்தால் சத்தம் உடைந்து, பிறகு அடங்கிவிடும். கேபிளைச் செருகி வைத்திருக்கும் நேரமெல்லாம் பேட்டரி கரையும், வாசிக்காவிட்டாலும். மேடையில் நம்பிக்கை வேண்டுமென்றால் சைர் வி7 மாதிரி பாஸிவுக்கு மாற்றும் சுவிட்ச் உள்ளதை எடுங்கள். பாஸிவ் பேஸில் டோன் குமிழ் பயனற்றது என்று நினைப்பவர்கள் அதை முழுக்க மூடி "தும்" கேட்டிருக்க மாட்டார்கள். அதன் கெப்பாசிட்டர் வழக்கமாக 0.047 மைக்ரோஃபேரட். 0.022 போட்டால் குமிழை மூடினாலும் அவ்வளவு இருட்டாகாது, நடுப்பகுதி மிஞ்சும். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இரண்டையும் வாங்கி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், சாலிடரிங் தெரிந்தால் அரை மணி வேலை. அங்கேயே 250கே பொட்டும் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடை) ஜாக்கும் வாங்கலாம். 9 வோல்ட் பேட்டரி வாங்கும்போது அல்கலைனா என்று கேட்டு வாங்குங்கள், மலிவு ரகம் உள்ளேயே கசிந்து பச்சை பிடிக்கும்.

மரம் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடியும். உடல் மரத்தை எடைக்காகத் தேர்ந்தெடுங்கள். 4 கிலோவைத் தாண்டியதை மூன்று மணி நேர ரிசப்ஷன் முழுக்கத் தோளில் சுமந்தால் தெரியும். அனுசுரம் (சுரங்களுக்கு நடுவே தொட்டுச் செல்லும் நுண்சுரம்) தேடுபவர்களுக்கு ஃப்ரெட்லெஸ் இருக்கிறது. கமகம் அதில்தான் முழுசாக வரும். ரோஸ்வுட் விரல்பலகையில் ரவுண்ட்வூண்ட் போட்டால் மரத்தை அறுத்துவிடும், ஃபிளாட் அல்லது நைலான் நாடா சுற்றிய தந்தி போடுங்கள். ஃப்ரெட்லெஸ்ஸுக்குப் பேர்போன ஜேகோ பாஸ்டோரியஸ் ரவுண்ட் போட்டார், ஆனால் பலகைக்குப் படகு எபாக்ஸி பூசியிருந்தார். முதல் பேஸ் ஃப்ரெட்லெஸ்ஸாக இருக்க வேண்டாம்.

புதிதாகப் பார்க்க அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் நேரில் வாசித்துப் பார்ப்பதே நல்லது. பழையது வாங்குபவர் தலைப்பக்கத்திலிருந்து நெக்கைக் கண்ணால் நோட்டமிடுங்கள், முறுக்கு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். டிரஸ் ராட் இரு பக்கமும் கொஞ்சம் அசைய வேண்டும், முழுக்க இறுகி நின்றால் ஆயுள் முடிந்தது. ஜி தந்தியில் ஐந்து முதல் ஏழாம் ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக மீட்டி, ஏதாவது சுரம் பட்டென்று செத்துப்போகிறதா பாருங்கள். அந்த இடத்தை யாராலும் முழுக்கச் சரிசெய்ய முடியாது.

டிஐ, பெடல், பிறகு ஆம்ப்

பாஸிவ் பேஸுக்கு எதிரே 10 லட்சம் ஓம் உள்ளீடு வேண்டும். மிக்ஸரின் லைன் உள்ளீடு பெரும்பாலும் 10 ஆயிரம் ஓம் அளவுதான், நேரே செருகினால் சத்தம் கம்பளி போர்த்தியதுபோல் ஆகும். மண்டபங்களில் கொடுக்கும் மலிவான பாஸிவ் டிஐகளும் கொஞ்சம் அதையே செய்யும். ஆக்டிவ் பேஸுக்கு அந்தத் தொல்லை குறைவு. சொந்தமாக ஒரு ப்ரீஆம்ப் டிஐ வைத்துக்கொள்வது இந்த ஊரில் வாசிப்பவர் வாங்கக்கூடிய மிகப் பயனுள்ள கருவி. சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் வகைக்கு ஆம்ப்பின் குணத்தையே மிக்ஸருக்கு அனுப்ப முடியும், பெஹ்ரிங்கர் பிடிஐ 21 அதே வழியில் வரும் மலிவு ரகம். பிளெண்ட் (அசல் சத்தத்தையும் ஆம்ப் சத்தத்தையும் கலக்கும்) குமிழை முதலில் பாதியில் வையுங்கள், டிரைவை (சத்தத்தை உடைக்கும் குமிழ்) காதுக்குத் தெரியும் வரை ஏற்றி, உடனே கொஞ்சம் இறக்குங்கள். தனியாகக் கேட்கும்போது அசிங்கமாகத் தோன்றும் அந்தச் சிறு கரகரப்புதான் கூட்டத்துக்குள் சுரத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கருவி) இருந்தால் விகிதம் 4க்கு 1, அட்டாக் 20 முதல் 30 மில்லிசெகண்ட், மீட்டர் 3 முதல் 6 டெசிபெல் வரை அசைந்தால் போதும். அட்டாக்கை இதைவிட வேகமாக்கினால் விரல் படும் ஆரம்பமே நசுங்கும். வேறு பெடல்களுக்கு அவசரமில்லை.

ஹம் வந்தால் டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிளக்கின் எர்த் முனையை உடைப்பதையோ எர்த்தில்லாத இரண்டு முனைச் செருகியில் நுழைப்பதையோ ஒருபோதும் செய்யாதீர்கள். தந்தியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதடு வைப்பவருக்கு அது உயிர் ஆபத்து. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப்பின் பின்பக்கத்தில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 120 மட்டும் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230இல் செருகக் கூடாது.

இத்தனையும் ஆன பிறகு ஆம்ப். அடுக்குமாடி வீட்டில் பயிற்சிக்கு ஜூம் பி1 ஃபோர் மாதிரி ஹெட்போன் செருகும் பெடல் போதும், கீழ்வீட்டுக்காரரோடு உறவும் கெடாது. டிரம் செட்டோடு ஒத்திகை என்றால் 200, 300 வாட்டுக்குக் குறைந்து திணற வேண்டாம். விளம்பர வாட் எத்தனை ஓமுக்கு என்று படியுங்கள். 4 ஓமில் 500 வாட் தரும் ஆம்ப் ஒற்றை 8 ஓம் கேபினெட்டில் (ஸ்பீக்கர் பெட்டி) பாதியை ஒட்டித்தான் தரும். இரண்டு 8 ஓம் கேபினெட் சேர்ந்தால் 4 ஓம், அதற்குக் கீழே போனால் ஆம்ப் சூடேறும். ஹெட்டுக்கும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) கேபினெட்டுக்கும் நடுவே ஸ்பீக்கர் கேபிள்தான், கிட்டார் கேபிள் கூடாது. 15 அங்குலம் என்றால் ஆழம், 10 என்றால் சுறுசுறுப்பு என்பது பாதி உண்மை, பெட்டியின் அமைப்புதான் மீதியைத் தீர்மானிக்கிறது.

சாரம் கட்டிப் பலகை போட்ட மேடை உள்ளே காலியாக இருக்கும், கேபினெட்டை அதன்மேல் வைத்தால் மேடையே முழங்கும். நாற்காலியில் தூக்கி வையுங்கள், மூலையில் ஒட்டாதீர்கள். மிக்ஸர்காரரிடம் "பாஸ் ஏத்துங்க" என்று சொல்லும் முன், பேஸ் சேனலில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 250 பக்கம் கொஞ்சம் குறைத்து, 800 பக்கம் கொஞ்சம் தூக்கித் தரச் சொல்லுங்கள். மிருதங்கமோ தவிலோ பக்கத்தில் இருந்தால் இது இன்னும் அவசியம். மிருதங்கத்தின் ரவைப் பசை பூசிய தொப்பி (இடது முகம்) கீழே குமுறும்போது பேஸும் நீண்டு நின்றால் இரண்டும் கெடும். அங்கே சுரத்தைச் சுருக்கி, இடது கையைத் தளர்த்தி உடனே அடக்குங்கள், ஈக்யூவால் அதைச் செய்ய முடியாது.

சவுண்ட் செக் நடக்கும்போது மண்டபம் காலி, டைல்ஸ் தரையும் கண்ணாடியும் மேல் அலைகளைத் திருப்பி எறியும். பந்தி முடிந்து ஜனம் உட்கார்ந்ததும் பட்டுப்புடவையும் உடம்புகளும் அந்த மேல் அலைகளை விழுங்கிவிடும், பேஸ் திடீரென்று மழுங்கியதுபோல் இருக்கும். செக்கின்போது டோன் குமிழை முழுக்கத் திறக்காமல் முக்காலில் நிறுத்திச் சரிசெய்தால், அப்போது திறக்கக் கையில் கால்வாசி மிச்சமிருக்கும்.